சிகரெட்டை விடப் போகிறவர் எந்த வேப்பை வாங்குவது?

லண்டனில் நம்மவர்கள் நடத்தும் கடைகளில் சிகரெட் பெட்டிகள் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும். வேப் என்பது நிக்கோட்டின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்; அதன் பெட்டிகள் மஞ்சளும் ஊதாவுமாகக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். அப்படியொரு கல்லாவில் நான் சில ஆண்டுகள் நின்றிருக்கிறேன். நானே சிகரெட் பிடித்து, வேப்புக்கு மாறி, அதன் மூலம் சிகரெட்டை விட்டவன். சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்துக் கடைக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் இரவு வேலை பார்க்கும் தம்பிமார், முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, இதில் எது அதிக நாள் வரும்?"

எது அதிக நாள் வரும் என்ற கணக்கை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், எதில் நிக்கோட்டினைப் படிப்படியாகக் குறைக்க முடியும் என்பதை முதலில் பாருங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். காரணத்தை இங்கே விளக்கமாக எழுதுகிறேன். ஏற்கெனவே சிகரெட் பிடிக்கும் பெரியவர்களுக்காகவே எழுதுகிறேன். சிகரெட் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தச் சாதனங்களில் ஒன்றுகூடத் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்பது குற்றம்.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பதற்குத் தடை இருக்கிறது. சார்ஜ் செய்ய முடிந்தால் மட்டும் போதாது; திரவத்தை மறுபடி நிரப்பவோ, பாட் என்கிற சின்னக் குப்பியை மாற்றவோ முடிய வேண்டும். திரவத்தைச் சூடாக்கும் காயிலும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு முன்பே 2016ஆம் ஆண்டு விதிகள் மூன்று எல்லைகளை வகுத்திருந்தன: நிக்கோட்டின் உள்ள தொட்டி 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் கூடாது, தனியாக விற்கும் திரவப் புட்டி 10 மில்லிக்கு மேல் கூடாது. இன்று அலமாரியில் இருக்கும் பொருள்கள் எல்லாம் இந்த விதிகளுக்கு ஏற்ப உருமாறியவை.

அவற்றில் முதலாவது, எல்லோரும் கேட்கும் அந்தப் 'பெரிய' வேப். ஒருமுறை பயன்படுத்தி எறிந்த பழைய 600 இழுப்புக் குழலின் இடத்தை இது பிடித்திருக்கிறது. 2 மில்லி பாட் ஒன்றும், அதோடு சேர்த்துப் பூட்டும் 10 மில்லிக் கொள்கலன் ஒன்றும் இருக்கும். பாட் காயக் காயக் கொள்கலனிலிருந்து திரவம் இறங்கிக்கொள்ளும். பெட்டியில் '6000 இழுப்பு' என்று அச்சிட்டிருக்கும். அடியில் டைப்-சி துளை, முகப்பில் பேட்டரியும் திரவமும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்னத் திரை. பொத்தான் கிடையாது, வாயில் வைத்து இழுத்தால் தானாகச் சூடாகும். பெட்டியைப் பிரித்த நிமிடமே பயன்படுத்தலாம். சிகரெட்டை இன்றைக்கே விட வேண்டும் என்று துடிக்கிறவருக்கு இந்த வசதி சாதாரணமானது இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 6000 என்ற எண்ணை ஒரு தாளில் வகுத்துப் பாருங்கள். பழைய குழலில் 2 மில்லிக்கு 600 இழுப்பு என்றார்கள். அதே கணக்கில் 12 மில்லிக்கு 3600 இழுப்புதான் வரும். 6000 வர வேண்டுமானால் ஒவ்வொரு இழுப்பும் பழையதைவிட நாற்பது சதவீதம் சிறியதாக இருக்க வேண்டும். சிகரெட்டிலிருந்து வந்தவர் அப்படி நுனிநாக்கில் இழுக்க மாட்டார். நெஞ்சு நிறைய இழுப்பார். அமெரிக்கச் சந்தையில் பேர்போன கீக் பார் பல்ஸ் என்ற சாதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மில்லி திரவம். சாதாரண முறையில் 15,000 இழுப்பு, அதிக ஆவி தரும் பல்ஸ் முறையில் 7500 என்று தயாரிப்பாளரே இரண்டு எண்களைப் போடுகிறார். திரவம் ஒன்றுதான், சாதனம் இயங்கும் முறை மாறினால் எண்ணிக்கை பாதியாகிறது. ஆகவே பெட்டியிலுள்ள இழுப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, எத்தனை மில்லி, எத்தனை மில்லிகிராம் என்ற இரண்டை மட்டும் பார்த்து விலையை ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பல்ஸ் போன்றவை அமெரிக்காவில் மில்லிக்கு 50 மில்லிகிராம் நிக்கோட்டினுடன் வருகின்றன. பிரிட்டனில் ஒரே தொட்டியில் 16 மில்லி நிக்கோட்டின் திரவத்தை வைத்து யாராவது மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது சட்டவிரோதச் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்தவர் யாரும் இல்லை. மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

பெரிய வேப்போடு நாள் முழுவதும் இருந்து பார்த்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. ஐந்து நிமிடத்தில் எரிந்து தீரும், கை சுடும், அடுத்ததைப் பற்றவைக்க வெளியே போக வேண்டும், மழையில் நனைய வேண்டும். இதற்கு அப்படி எந்த முடிவும் கிடையாது. பஸ் வரும்வரை இழுக்கலாம். சமையலறையில் சோறு வேகும்வரை இழுக்கலாம். தூக்கம் வராத இரவில் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இழுக்கலாம். திரையில் திரவக்கோடு நிறைந்தே இருக்கும். எவ்வளவு இழுத்தோம் என்று கையும் அறியாது, மனமும் அறியாது. முந்தைய நாளைவிட இன்றைக்கு அதிகமா குறைவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதிக நாள் வரும் என்று எதை விரும்பி வாங்கினோமோ அதுவே கணக்கை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இந்த வகை பெரும்பாலும் 20 மில்லிகிராமில்தான் கிடைக்கிறது. 10 வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும்; 5, 3 என்ற அளவுகளைப் பார்ப்பதே அரிது. ஏணியில் உச்சிப்படி மட்டும் இருந்து மற்ற படிகள் இல்லாவிட்டால் இறங்குவது எப்படி?

மாற்றுக் கொள்கலன் விற்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அதன் விலை பல நேரம் முழுச் சாதனத்தின் விலைக்கு மிக அருகில் நிற்கிறது. அதனால் வாடிக்கையாளர் புதிதையே வாங்கிக்கொண்டு பழையதைக் குப்பையில் போடுகிறார். நல்ல நிலையில் இருக்கும் லித்தியம் பேட்டரி, திரை, சர்க்யூட் எல்லாம் அதோடு போகின்றன. தடைக்கு முன், 2023இல், பிரிட்டனில் வாரத்துக்கு சுமார் 50 லட்சம் ஒருமுறை வேப் குப்பையில் விழுவதாக, மின்கழிவு மறுசுழற்சிக்காக இயங்கும் மெட்டீரியல் ஃபோக்கஸ் அமைப்பு கணக்கிட்டது. குப்பை லாரியில் நசுங்கும் பேட்டரி தீப்பிடிக்கிறது; அதை அள்ளுகிற தொழிலாளியின் கைக்குப் பக்கத்தில் பிடிக்கிறது. வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவை. கல்லாவில் கொடுங்கள். வாங்க மறுத்தால் சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது, திரவம் நிரப்பியே வரும் பாட் வகை. பேட்டரித் தண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, 2 மில்லிப் பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: பாட் தீர்ந்துபோகும். தீர்ந்தது கண்ணுக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு பாட், நாளைக்கு முக்கால் பாட் என்று கணக்கு வைக்கலாம். 20, 10 ஆகிய இரண்டு அளவுகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. விரல் மூட்டு வலியுள்ளவர்கள், புட்டியைத் திறந்து நிரப்பச் சலித்துக்கொள்கிறவர்கள், கண் சரியாகத் தெரியாத முதியவர்கள் ஆகியோருக்கு நான் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். குறை என்றால் விலை. என் பகுதிக் கடைகளில் 2025இல் இரண்டு பாட் 6 பவுண்டு அளவில் இருந்தது. மில்லிக்கு மில்லி பார்த்தால் மூன்று வகையிலும் இதுதான் அதிக விலை.

மூன்றாவது, நாமே நிரப்பிக்கொள்ளும் பாட் சாதனம். இதைத்தான் நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைக்கிறேன். முதல் வாரத்தில் இது பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், ஏனென்றால் அந்த வாரத்திலேயே வெறுத்துப்போய் சிகரெட்டுக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன்.

நிரப்புவது இப்படித்தான். பாட்டின் பக்கவாட்டில் சின்ன ரப்பர் மூடி ஒன்று இருக்கும். நகத்தால் நெம்பித் திறந்து, புட்டியின் மெல்லிய முனையை அந்தத் துளைக்குள் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் வழியும், விரலெல்லாம் பிசுபிசுக்கும். தோலில் பட்ட திரவத்தை உடனே கழுவிவிடுங்கள். நிரப்பியதும் மூடியை இறுக்கிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே மேசையில் வைத்துவிடுங்கள். உள்ளே காயிலைச் சுற்றியிருக்கும் பஞ்சு நன்றாக ஊற வேண்டும். ஊறுவதற்கு முன் இழுத்தால் பஞ்சு கருகும். கருகிய வாடை தொண்டையைப் பிடித்துவிட்டால் அந்தக் காயில் அவ்வளவுதான், எத்தனை முறை நிரப்பினாலும் போகாது. புதியவர்கள் 'இது மட்டமான பொருள்' என்று தூக்கி எறிவது பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடத்தைக் காத்திருக்காததால்தான். இனிப்புத் தூக்கலான சுவைகளும் காயிலைச் சீக்கிரம் கெடுக்கும். அவற்றில் சேர்க்கும் இனிப்பூட்டி கம்பியில் கருகிப் படிகிறது. மென்த்தால், புகையிலைச் சுவைகளில் அதே காயில் கூடுதல் நாள் உழைக்கும்.

இந்த வம்பெல்லாம் எதற்கு? திரவத்தை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காக. நிக்கோட்டின் சால்ட் என்ற, தொண்டையை அதிகம் உறுத்தாத வகை 20, 10, 5 மில்லிகிராம்களில் கிடைக்கிறது. சாதாரண வகை 18, 12, 6, 3 என்று இறங்கிச் சுழியம் வரைக்கும் வருகிறது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவர் 20 சால்ட்டில் தொடங்கட்டும். சிகரெட் நினைப்பே வராத நிலை வந்த பிறகு 10க்கு இறங்கட்டும். சாதனம் அதுவேதான், சுவையும் அதுவே, கையின் பழக்கமும் அதுவே; நிக்கோட்டின் மட்டும் பாதியாகிறது. 10க்கும் 5க்கும் நடுவே தடுமாறினால் இரண்டையும் பாட்டுக்குள் பாதிப் பாதியாகக் கலந்துகொள்ளலாம். இந்த வசதி வேறு எந்த வகையிலும் கிடையாது.

ஆனால் இறங்குவதில் அவசரம் கூடாது. அளவைச் சட்டென்று குறைத்தால் உடம்பு விடாது. அடிக்கடியும் நீளமாகவும் இழுத்து அதே நிக்கோட்டினைச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: புதுப் புட்டியைத் திறக்கும் நாளில் அதன் ஒட்டுத்தாளில் பேனாவால் தேதியைக் குறித்துவையுங்கள். 20இல் ஒரு புட்டி ஐந்து நாள் வந்தது, 10இல் மூன்று நாளில் தீர்ந்துவிட்டது என்றால் இறங்கியது சீக்கிரம். சில வாரம் பொறுத்து மறுபடி முயலுங்கள். அதே ஐந்து நாள் வந்தால் அடுத்த படிக்குத் தயாராகிவிட்டீர்கள்.

செலவும் இதிலேயே குறைவு. நாளுக்கு 2 மில்லி இழுக்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். என் பகுதியில் 2025இல் பார்த்த விலைகளின்படி, 10 மில்லிப் புட்டி 3 முதல் 4 பவுண்டு, காயிலோடு மாற்றும் பாட் ஒன்று சுமார் 3 பவுண்டு. எல்லாம் சேர்த்தும் நாளுக்கு ஒரு பவுண்டைச் சுற்றித்தான் வரும். பெரிய வேப் 12 பவுண்டு என்றால் நாளுக்கு 2 பவுண்டு. நிரப்பிய பாட் 3 பவுண்டு. சிகரெட் பாக்கெட் ஒன்று 16 பவுண்டைத் தாண்டிவிட்டது என்பதை நினைத்தால் மூன்றுமே மலிவு. ஆனால் மாதக் கணக்கில், வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்துக்குத் தனி வரி: 10 மில்லிக்கு 2.20 பவுண்டு, அதன் மேல் விற்பனை வரி சேர்த்து 2.64. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மில்லிக்கு ஒரே வரிதான். இதனால் புட்டியின் விலை விகிதத்தில் அதிகம் ஏறும். ஆனால் வரி எல்லா வகைக்கும் சமமாக விழுவதால் வரிசை மாறாது. நிக்கோட்டினைக் குறைத்து, அதனால் சற்றுக் கூடுதலாக இழுக்கிறவருக்கு இந்த வரி வலிக்கும். அதற்காக 20இலேயே நின்றுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏன் இந்தக் குறைக்கும் விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், ஆய்வே அதைக் காட்டுகிறது. பிரிட்டனின் அரசு புகைநிறுத்த நிலையங்களில் 886 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு நிரப்பிக்கொள்ளும் வேப்பும், மற்றவர்களுக்கு ஒட்டுப்பட்டை, சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மாற்றுகளும் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து வேப் பிரிவில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு, நல்ல செய்திதான். அதே ஆய்வின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். அப்படி விட்டவர்களில் வேப் பிரிவினர் 80 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் வேப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றுப் பிரிவில் ஒட்டுப்பட்டையையோ சூயிங்கத்தையோ தொடர்ந்தவர்கள் 9 சதவீதம் மட்டுமே. வேப் சிகரெட்டைவிடத் தீங்கு மிகக் குறைந்தது என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை சொல்கிறது. தீங்கே இல்லாதது என்று அது சொல்லவில்லை, நீண்டகால விளைவுகள் இன்னும் தெளிவாகவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே சிகரெட்டிலிருந்து வெளியேறும் வழியை வாங்கும்போதே வேப்பிலிருந்து வெளியேறும் வழியையும் பார்த்து வாங்க வேண்டும்.

அந்த 9 சதவீதத்துக்காகவே ஒட்டுப்பட்டையையும் இந்த ஒப்பீட்டில் வைக்கிறேன். 21, 14, 7 மில்லிகிராம் என்று இறங்குமுகம் பெட்டியிலேயே வரையறுத்திருக்கிறது. சில மாதத்தில் முடிந்துவிடும். கையை வாய்க்குக் கொண்டுபோகும் பழக்கத்தை இது தீர்க்காது என்பது உண்மை. அதனால் பட்டையோடு சூயிங்கத்தையோ வாய்த் தெளிப்பையோ சேர்த்துப் பயன்படுத்தினால் பலன் கூடுகிறது. வேரனிக்லின், சைட்டிசின் என்ற மாத்திரைகளும் இங்கே மருத்துவர் வழியாகக் கிடைக்கின்றன. கர்ப்பமாக இருப்பவர்கள், இதயநோய் உள்ளவர்கள் கடைக்கு வருவதற்கு முன் மருத்துவரிடம் போவதே சரி. ஊர்தோறும் இலவசப் புகைநிறுத்தச் சேவை இருக்கிறது. சில இடங்களில் வேப்பையே இலவசமாகக் கொடுத்து, வாராவாரம் பேசி ஊக்கம் தருகிறார்கள். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கூச்சத்தால் போவதில்லை. போங்கள். அங்கே யாரும் திட்ட மாட்டார்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் என் பரிந்துரையை மாற்றிக்கொள்வேன். நிக்கோட்டின் திரவம் சிறு அளவிலேயே குழந்தைக்கு நஞ்சு, பழவாசனை வேறு. புட்டியைப் பூட்டி வைக்க முடியாத வீட்டில் நிரப்பிய பாட்டோ ஒட்டுப்பட்டையோதான் நல்லது. அவற்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். எந்தச் சாதனமானாலும் படுக்கையில் போட்டுச் சார்ஜ் செய்யாதீர்கள், இரவெல்லாம் செருகி விடாதீர்கள்.

இந்த முடிவை ஊருக்குப் போகிற தேதியும் தீர்மானிக்கிறது. விமானத்தில் வேப்பைக் கைப்பையில்தான் வைக்க முடியும், சரக்குப் பெட்டியில் கூடாது. ஆனால் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர் கைப்பையிலும் வைக்க வேண்டாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின் சிகரெட்டின் இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாவற்றையும் தடை செய்திருக்கிறது. இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஒரு மாத விடுமுறைக்குப் போகிறவர் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒட்டுப்பட்டைக்கு மாறிப் பழகிக்கொள்ளட்டும். அங்கே திண்டாடினால் 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் இந்திய மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. பெட்டிக் கடை சிகரெட்டுக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.